நாகம் கலத்துக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கேட்டது, அவர்களுடைய அம்மாக்கள் கேட்டது, நீர்வேலிப் பக்கம் தோட்டம் செய்கிற ஒருவர் கேட்டது என்று கலந்து கிடந்த கேள்விகளை இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். நாகம் என்று நான் எழுதுவது பாமசியில் சிங்க் குளிசை என்று கேட்டு வாங்கும் அதே சாமானைத்தான். இதை வாசித்துவிட்டு மருந்தின் அளவு எதையும் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், அதற்கு டொக்டர் இருக்கிறார்.

கே: நாக அயன் இவ்வளவு சின்னது. கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வுக்கூடாகத் தானாகவே பரவிப் போகாதா?

போகாது. இங்கே பருமன் பிரச்சினையே இல்லை, மின்னேற்றம்தான் பிரச்சினை. நாக அயனுக்கு இரண்டு நேரேற்றம் இருப்பதால் நீருக்குள் அது தனியாக நிற்பதில்லை, சுற்றிவர ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். மென்சவ்வின் நடுப்பகுதியோ முழுக்கக் கொழுப்பமில வால்கள், ஏறத்தாழ 3 நனோமீற்றர் தடிப்பான எண்ணெய்ப் படை. அதற்குள் நுழைவதென்றால் பிடித்திருக்கும் நீரை விட வேண்டும், விட்டால் அந்த இடத்தை நிரப்ப எண்ணெயிடம் ஒன்றுமில்லை. ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் ஏற்றமில்லாதவை, அவை பாட்டுக்குப் போய்வரும். உலோக அயனுக்கு அந்த வசதி இல்லாதபடியால் மென்சவ்வைக் குறுக்கே கடந்து நிற்கும் ஒரு புரதம் கட்டாயம் தேவை. அந்தப் புரதத்தின் உட்பக்கத்தில் இருக்கிற ஒட்சிசன், நைதரசன் அணுக்கள் நீர் மூலக்கூறுகள் இருந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், அயனும் நட்டமில்லாமல் கடந்துவிடும்.

கே: உடம்பில் மொத்தம் எவ்வளவு நாகம் இருக்கிறது? அதுக்கு என்ன வேலை?

வளர்ந்த ஒருவரில் 2 முதல் 3 கிராம் வரை, பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். மனிதப் புரதங்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று நாகத்தைப் பிடிக்கும் அமைப்புக் கொண்டது என்று கணித்திருக்கிறார்கள். முதலில் தெரியவந்தது காபோனிக் அன்ஐதரேசு என்ற நொதியம், அதற்குள் நாகம் இருப்பதை கீலினும் மானும் 1940இல் காட்டினார்கள். இன்றைக்கு டிஎன்ஏயைப் பிடித்துப் பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்களில் பெருந்தொகை நாகத்தால் மடிந்து நிற்பவை என்று தெரியும். இரும்பும் செப்பும் இலத்திரனைக் கொடுத்து வாங்கித் திரிபவை, டிஎன்ஏக்குப் பக்கத்தில் அது ஆபத்தான குணம். நாகம் அந்த வேலைக்கே போகாது, எப்போதும் இரண்டு நேரேற்றத்தோடு நிற்கும்.

இரும்புக்குப் பெரிட்டின் இருக்கிற மாதிரி நாகத்துக்குப் பெரிய களஞ்சியம் ஒன்றும் உடம்பில் இல்லை. ஆகவே சாப்பாட்டிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும்.

கே: கலத்துக்குள் எதோடும் ஒட்டாமல் உலாவும் நாகம் எவ்வளவு?

கிட்டத்தட்ட இல்லை. கனபேர் தவறவிடும் இடம் இதுதான், ஆனால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒரு கலத்தின் மொத்த நாகச் செறிவு சில நூறு மைக்ரோமோலர், குழியவுருவில் (கலத்துக்குள் நிறைந்திருக்கும் கூழில்) கட்டுப்படாமல் இருப்பதோ பிக்கோமோலரிலிருந்து மிஞ்சினால் ஒரு நனோமோலர் மட்டும். அதாவது இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? நாகம் ஒட்டும் குணம் கூடிய உலோகம். மங்கனீசு, இரும்பு, கோபாற்று, நிக்கல், செப்பு என்று போகும் வரிசையில் பிணைப்பின் பலம் படிப்படியாகக் கூடும் என்பதை இர்விங்கும் வில்லியம்சும் காட்டினார்கள், நாகம் செப்புக்கு அடுத்தபடியாக மேலே வரும் ஆட்களில் ஒன்று. கட்டுப்பாடில்லாமல் விட்டால் மங்கனீசும் இரும்பும் இருக்க வேண்டிய நொதியத்தின் கதிரையில் நாகம் ஏறிக் குந்திவிடும், பிறகு இறங்காது. ஆகவே கலத்தின் வேலை நாகத்தைச் சேர்ப்பது மட்டுமில்லை, அதை ஒருபோதும் சும்மா திரியவிடாமல் இருப்பதும்தான். கொஞ்சம் மிஞ்சினால் பிடித்து வைக்க மெற்றலோதயனீன் என்று ஒரு சின்னப் புரதம் இருக்கிறது, 20 சிஸ்ரீன்களால் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒரு வகை) 7 நாக அயன்களைப் பிடிக்கும். அதை 1957இல் மார்கோசெசும் வலியும் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தார்கள். தேடியது நாகத்தை இல்லை, காட்மியத்தை. காட்மியம் கீழே திரும்பவும் வரும்.

கே: நாகத்தைக் காவும் புரதங்களில் ஸிப், இசட்என்ரி என்று இரண்டு குடும்பம் சொல்கிறார்கள். எது உள்ளே, எது வெளியே?

ஸிப் குடும்பம் குழியவுருவுக்குள் நாகத்தைக் கொண்டுவரும், மனிதரில் 14 பேர். இசட்என்ரி குடும்பம் குழியவுருவிலிருந்து நாகத்தை அகற்றும், 10 பேர். இவ்வளவுதான் விதி.

பிள்ளைகள் குழம்புவது எங்கேயென்றால், உள்ளே, வெளியே என்பதைக் கலத்தின் எல்லையை வைத்துப் பார்ப்பதில். கணக்கெடுக்க வேண்டியது குழியவுருவை. கொல்கிச் சிக்கலின் உட்பகுதி, அகமுதலுருச் சிறுவலையின் உட்பகுதி, புடகங்களின் உட்பகுதி எல்லாம் கலத்துக்குள்ளேயே மென்சவ்வால் மூடிய அறைகள், இந்தக் கணக்கில் அவை வெளிதான். கொல்கிக்குள் நாகத்தைத் தள்ளுவது இசட்என்ரி 5, 6, 7. அங்கே தயாராகிக்கொண்டிருக்கும் நொதியங்களுக்கு நாகம் ஏற்றுவது அவற்றின் வேலை. கலத்தை விட்டே வெளியே தள்ளுவது இசட்என்ரி 1. 1995இல் பால்மிற்றரும் பின்ட்லியும் கண்டுபிடித்தது, முலையூட்டிகளில் முதலில் பிடிபட்ட நாகக் காவி இதுதான்.

கே: சேர், இந்தக் காவிப் புரதம் உண்மையில் எப்படி வேலை செய்கிறது? புத்தகத்தில் ஒரு நீள்வட்டம் கீறி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தம்பி, அந்த நீள்வட்டத்தில் எனக்கும் கோபம்தான். சரி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இசட்என்ரி குடும்பத்தின் உருவம் முதலில் தெரிந்தது மனிதப் புரதத்தை வைத்து இல்லை. எசரிக்கியா கோலை பற்றீரியாவில் யிப் என்று ஓர் உறவுக்காரப் புரதம் இருக்கிறது. 2007இல் லூவும் பூவும் அதைப் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். இரண்டு ஒரே மாதிரியான துண்டுகள் சேர்ந்து வை எழுத்தின் வடிவில் நிற்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் மென்சவ்வைக் கடக்கும் ஆறு சுருளிகள், அந்தச் சுருளிகளுக்கு நடுவில், மென்சவ்வின் பாதி ஆழத்தில், நான்கு அமினோ அமிலங்கள் சேர்ந்து ஒரு நாக அயனைப் பிடிக்கும் இடம்.

அந்த இடம் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்திருக்கும். குழியவுருப் பக்கம் திறந்து நாகத்தைப் பிடிக்கும், சுருளிகள் சரிந்து அந்தப் பக்கம் மூடுப்படும், மற்றப் பக்கம் திறக்கும், நாகம் விடுபடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தால் அது வெறும் ஓட்டை, செறிவு வித்தியாசம் நிமிடத்தில் அழிந்துபோகும். கால்வாய்ப் புரதத்துக்கும் காவிப் புரதத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். காவி ஒவ்வொரு தடவையும் உருமாற வேண்டும், ஆகவே வேகம் குறைவு, ஆனால் மேட்டுக்கு ஏற்றும் வல்லமை அதற்குத்தான் உண்டு.

மேட்டுக்கு ஏற்ற சக்தி எங்கிருந்து வருகிறது? புரோத்தனிலிருந்து, அதாவது அமிலத்தில் கூடுதலாக இருக்கும் ஐதரசன் அயனிலிருந்து. கிணற்றுத் துலாவில் ஒருவர் ஏறி ஒரு நுனிக்கு நடந்தால் மற்ற நுனியில் வாளி மேலே வரும் இல்லையா, அதே கணக்கு: புரோத்தன் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு இறங்கும், அந்த இறக்கத்தின் பலத்தில் நாகம் எதிர்ப்பக்கத்துக்கு ஏறும். பிடிக்கும் இடத்தில் உள்ள அஸ்பாற்றிக்கமிலமும் ஹிஸ்ரிடீனும் நாகத்தை விட்டதும் புரோத்தனை ஏற்றுக்கொள்கின்றன, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துபோகிறது. புடகங்களின் உட்பக்கம் அமிலமாக இருப்பது இதற்கு வசதி.

ஸிப் குடும்பம் வேறு ஆள். எட்டுச் சுருளிகள். 2017இல் போடிற்றெல்லா என்ற பற்றீரியாவின் ஸிப் ஒன்றின் கட்டமைப்பு வந்தது, உலோகம் இருக்கும் இடத்தில் ஒன்றில்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அயன்கள் இருக்கும் ஏற்பாடு. அதற்குப் பிறகு வந்த வேலைகள், புரதத்தின் ஒரு பகுதி அசையாமல் நிற்க மற்றப் பகுதி உலோகத்தோடு மேலும் கீழும் நகர்கிறது என்று காட்டுகின்றன. எந்தப் பலத்தில் நகர்கிறது என்பதில் துறைக்காரர்களிடம் இன்னும் ஒருமித்த முடிவில்லை, பரீட்சைக்கு யாராவது ஒரே விடையை உறுதியாகச் சொல்லித் தந்தால் சந்தேகப்படுங்கள்.

கே: நாகம் எது, காட்மியம் எது என்று புரதத்துக்கு எப்படித் தெரியும்?

முழுக்கத் தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் இதை வாசியுங்கள்.

புரதம் பார்ப்பது ஏற்றத்தையும், பருமனையும், எந்த அணுவோடு பிணையும் என்பதையும்தான், பெயரை இல்லை. ஆவர்த்தன அட்டவணையில் நாகத்துக்கு நேரே கீழே காட்மியம், இரண்டும் இரட்டை நேரேற்றம், காட்மியம் கொஞ்சம் பெரிது. எசரிக்கியா கோலையின் யிப்பில் உலோகம் பிடிக்கும் நான்கு இடங்களில் மூன்றில் அஸ்பாற்றிக்கமிலம், ஒன்றில் ஹிஸ்ரிடீன். அது நாகத்தையும் காட்மியத்தையும் வித்தியாசமில்லாமல் ஏற்றும். முலையூட்டிகளின் இசட்என்ரி 5, 8 போன்றவற்றில் இரண்டு ஹிஸ்ரிடீன், இரண்டு அஸ்பாற்றிக்கமிலம், அவை காட்மியத்தைத் தட்டிக்கழிக்கும். 2012இல் வந்த ஆய்வில் அந்த ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள், தெரிவும் அதோடு மாறியது. முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் உள்ள ஒரு புரதத்தில் ஒன்று!

இசட்என்ரி 10இல் அதே இடத்தில் ஹிஸ்ரிடீனுக்குப் பதிலாக அஸ்பரஜீன். அதன் பிரதான சரக்கு நாகமே இல்லை, மங்கனீசு. குடும்பப் பெயரை வைத்து ஆளை எடைபோட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கே: கலத்துக்கு நாகம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எப்படித் தெரியவரும்?

கூடினால், எம்ரிஎப் 1 என்ற புரதம் நாகத்தைப் பிடித்துக்கொண்டு கருவுக்குள் போய் மெற்றலோதயனீனுக்கும் இசட்என்ரி 1க்கும் உரிய பரம்பரையலகுகளை இயக்கும். பிடித்து வைப்பதும் வெளியேற்றுவதும் ஒன்றாகக் கூடும். குறைந்தால், குடற்கலத்தின் மேற்பரப்பில் ஸிப் 4 குவியும். திரும்ப நாகம் வந்ததும் அந்த ஸிப் 4 மென்சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்கப்பட்டு அழிக்கப்படும். புதுப் புரதம் செய்ய மணித்தியாலங்கள் போகும், இருப்பதை உள்ளே இழுக்க அவ்வளவு நேரம் வேண்டாம். ஆகவே அவசரத்துக்கு இழுப்பு, நீண்டகாலத்துக்குப் பரம்பரையலகு.

கே: என் மருமகளின் பிள்ளைக்கு வாயைச் சுற்றியும் பின்பக்கமும் புண், நாகக் குறைபாடு என்றார்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு எப்படி இது வரும்?

அக்கா, அந்தப் பிள்ளைக்கு என்ன என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக இதில் இரண்டு வேறு கதை உண்டு, இரண்டும் தோலில் ஒரே மாதிரித் தெரியும்.

முதலாவது, பிள்ளையின் குடலில் உள்ள ஸிப் 4 பழுது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி ஒவ்வொன்று வந்தால்தான் வரும். டான்போல்ற்றும் குளோசும் 1942இல் விவரித்த நோய் இது, காரணம் நாகம் என்பது 1970களில்தான் பிடிபட்டது, பரம்பரையலகு 2002இல். தாய்ப்பாலில் உள்ள நாகம் இலேசாக உறிஞ்சப்படும் என்பதால் பால் குடிக்கும்வரை பிள்ளை ஓரளவு தாக்குப்பிடிக்கும், பால் மறக்கடித்த பிறகுதான் புண், வயிற்றோட்டம், முடி உதிர்வு எல்லாம் வெளியே வரும். வாழ்நாள் முழுக்க நாகம் கொடுக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்தால் ஸிப் 4 இல்லாமலும் போதிய அளவு உள்ளே போய்விடும்.

இரண்டாவதில் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. தாயின் முலைச்சுரப்பியில் நாகத்தைப் பாலுக்குள் ஏற்றும் இசட்என்ரி 2 பழுது. பாலில் நாகம் குறைவு, ஆகவே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் காலத்திலேயே நோய் தெரியும். தாய்க்கு நாகக் குளிசை கொடுத்துப் பிரயோசனமில்லை, தாயின் இரத்தத்தில் நாகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அது பாலுக்குள் ஏறாததுதான் பிரச்சினை. பிள்ளைக்கு நேரே கொடுத்தால் சுகமாகும், மற்றச் சாப்பாடு தொடங்கியதும் அதுவும் தேவைப்படாது. எப்போது தொடங்கியது என்ற ஒரு கேள்வியே இரண்டையும் பிரிக்கப் பாதி வழி.

கே: சலரோகத்துக்கும் நாகத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் கடைக்காரர் சொல்கிற மாதிரி இல்லை. சதையியின் பீற்றாக் கலங்களில் இன்சுலினைச் சேமிக்கும் சிறுமணிகளுக்குள் நாகத்தை ஏற்றுவது இசட்என்ரி 8. அங்கே ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு நாக அயன்களைச் சுற்றிக் கூடிப் பளிங்காகின்றன. ஸ்கொட் என்பவர் 1934இல் ரொறொன்ரோவில், நாகம் சேர்த்தால்தான் இன்சுலின் வடிவாகப் பளிங்காகிறது என்று காட்டியதும் இதையே.

2007இல் பெருந்தொகை மக்களின் பரம்பரைத் தகவலை ஒப்பிட்ட ஆய்வு, இசட்என்ரி 8இன் 325ஆவது அமினோ அமிலத்தில் உள்ள ஒரு சாதாரண வித்தியாசம் இரண்டாம் வகைச் சலரோகத்தோடு சேர்ந்து வருகிறது என்றது. சரி, அப்படியென்றால் இந்தப் புரதம் வேலை செய்யாதவர்களுக்கு நோய் கூட வரும் என்றுதானே நினைப்போம்? 2014இல் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரை வைத்துப் பார்த்தபோது நேர்மாறாக வந்தது: ஒரு பிரதி பழுதானவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 65 வீதம் குறைவு. எலிகளில் செய்த பரிசோதனைகளை நம்பி அதுவரை எழுதியவர்கள் எல்லாரும் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, சலரோகத்துக்கு நாகக் குளிசை போட்டால் நல்லதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இந்தக் காவியின் கதையை வைத்து அந்த முடிவுக்கு வரவே முடியாது.

முதலாம் வகையில் உடம்பு தன் பீற்றாக் கலங்களையே தாக்கும்போது இசட்என்ரி 8க்கு எதிராகவும் பிறபொருளெதிரிகள் உருவாகும், அதைப் பரிசோதித்து நோயைக் கண்டுபிடிக்க உதவியாக வைத்திருக்கிறார்கள்.

கே: ஏரிபியை (கலத்தின் சக்தி நாணயத்தை) செலவழித்து உலோகம் ஏற்றும் புரதம் இல்லையா?

இருக்கிறது. பற்றீரியாவும் தாவரமும் நாகத்துக்கே அப்படி வைத்திருக்கின்றன. மனிதரில் அது செப்புக்கு: ஏரிபி7ஏ, ஏரிபி7பி. முதலாவது பழுதானால் குடலில் இருந்து செப்பு இரத்தத்துக்கு ஏறாது, அது மெங்கீஸ் நோய். இரண்டாவது பழுதானால் ஈரலில் இருந்து செப்பு பித்தத்துக்குள் போகாது, ஈரலிலும் மூளையிலும் தேங்கும், கருவிழியின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் வளையம் விழும், அது வில்சன் நோய். இரண்டின் பரம்பரையலகுகளும் 1993இல் பிடிபட்டன. ஒன்றில் செப்புப் பஞ்சம், மற்றதில் செப்பு வெள்ளம், புரதங்கள் இரண்டும் சகோதரர்கள்.

வில்சன் நோய்க்கு நாகம் மருந்து! கேட்டால் விசித்திரமாக இருக்கும். நாகம் உள்ளே போனால் குடற்கலங்களில் மெற்றலோதயனீன் கூடும், ஆனால் மெற்றலோதயனீன் நாகத்தைவிடச் செப்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். சாப்பாட்டிலிருந்து வந்த செப்பு அந்தக் கலத்துக்குள்ளேயே மாட்டுப்படும், குடலின் மேற்கலங்கள் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போகும், செப்பும் கூடவே போகும். நாக அசற்றேற்றை அமெரிக்காவில் 1997இல் இதற்கு அங்கீகரித்தார்கள்.

கே: அப்படியென்றால் சும்மா இருக்கிறவர்கள் நாகக் குளிசையைக் கூடுதலாகப் போட்டால்?

மேலே சொன்ன அதே வேலை உங்களுக்கும் நடக்கும், உங்களுக்கு அது நோய். மாதக்கணக்கில் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் செப்புக் குறைந்து இரத்தச்சோகை வரும், கால் விறைப்பும் நடை தள்ளாடலும்கூட வரலாம். வளர்ந்த ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8, மேல் எல்லை 40 என்று அமெரிக்க அளவுகோல் சொல்கிறது. சளி பிடித்ததும் வருசம் முழுக்கப் போடத் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கே: இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு போடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்வது ஏன்?

தேயிலையின் பொலிபீனோல்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துவிடும், பிறகு காவிக்குக் கொடுக்க இரும்பு இல்லை. இரும்பின் பாதை கொஞ்சம் சுற்று. சாப்பாட்டில் வருவது பெரும்பாலும் மூன்று நேரேற்றம் உள்ள இரும்பு, அதைக் குடற்கலத்தின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதியம் இரண்டு நேரேற்றத்துக்கு இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டிஎம்ரி 1 என்ற காவி புரோத்தனோடு சேர்த்து உள்ளே எடுக்கும். (இங்கே புரோத்தனும் உலோகமும் ஒரே திசையில் போகின்றன, துலாக் கணக்கு இதற்குப் பொருந்தாது.) தேசிக்காய், நெல்லிக்காய் உதவுவது அவற்றின் விற்றமின் சீ இந்த இறக்கத்துக்குக் கைகொடுப்பதால். டிஎம்ரி 1ஐ 1997இல் எலியின் குடலில் இருந்து கண்டுபிடித்தார்கள்.

உள்ளே வந்த இரும்பு இரத்தத்துக்குப் போக மற்றப் பக்கத்தில் பெரோபோற்றின், அதை 2000இல் மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டன. இரும்பு போதும் என்றால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஓமோனைச் சுரக்கும், அது பெரோபோற்றினோடு ஒட்டி அதை அழிக்க வைக்கும். நோய்த்தொற்று, நீண்டகால அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் கூடும். அதனால்தான் சிலருக்கு எத்தனை குளிசை போட்டாலும் இரத்தம் ஏறாமல் நிற்கிறது. குடலில் இரும்பு இருக்கும், வெளியே போக வழி இருக்காது.

கே: குரக்கன், தவிட்டரிசி எல்லாம் நல்லது என்கிறார்கள். அவற்றில் நாகம் உறிஞ்சப்படாது என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரி. தவிட்டில் நாகமும் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் பைற்றேற்றும் இருக்கிறது. ஸிப் 4 எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பைற்றேற்றில் மாட்டிய நாகம் அதன் கைக்கு வராது. பிரசாத் என்ற இந்திய வைத்தியர் 1961இல் ஈரானின் சீராசில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் புளிக்க வைக்காத ரொட்டியையே பெரும்பாலும் சாப்பிட்டவர்கள், மண்ணும் தின்றவர்கள். மனிதருக்கு நாகக் குறைபாடு வரும் என்ற எண்ணமே அங்கிருந்துதான் கிளம்பியது.

ஊறவைத்தால், முளைக்கவிட்டால், புளிக்க வைத்தால் பைற்றேற்று குறையும். தோசை மாவை இரவு புளிக்க விடுவதும் பயறை முளைக்கட்டுவதும் இந்த வகையில் நல்ல காரியங்கள். நண்டு, ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அதிலுள்ள நாகம் இலேசாக உறிஞ்சப்படும். குரக்கனை விடச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.

கே: எங்கள் செம்மண்ணில் மிளகாய் இலை நரம்புக்கு இடையில் மஞ்சளாகிறது. மண்ணில் நாகம் இல்லையா?

ஐயா, இருக்கலாம், வேருக்குக் கிடைக்காமல் இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்தலில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியும். மண் காரமானால் நாகமும் இரும்பும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். மிளகாய், வாழை போன்றவை வேரிலிருந்து புரோத்தனை வெளியே தள்ளி அந்த இடத்தை அமிலமாக்கி, இரும்பை இரண்டு நேரேற்றத்துக்கு இறக்கி, ஐஆர்ரி 1 என்ற ஸிப் குடும்பக் காவியால் உள்ளே எடுக்கும். தண்ணீரில் பைகாபனேற்று நிறைய இருந்தால் தள்ளிய அமிலம் அத்தனையும் அதிலேயே செலவாகும். நெல், சோளம் போன்ற புல்லினங்கள் வேறு வழி எடுத்தவை, இரும்பைப் பிடிக்கும் சேர்வையை வேரிலிருந்து விட்டு, பிடித்ததை அப்படியே உள்ளே இழுக்கும்.

பொசுபேற்றுப் பசளையை அள்ளிப் போட்டாலும் நாகக் குறைபாடு கூடும். நாகச் சல்பேற்றை மண்ணில் போடுவதைவிட இலையில் விசிறச் சொல்வது, மண்ணின் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். ஆனால் மஞ்சள் இரும்பாலும் வரும், மங்கனீசாலும் வரும், வைரசாலும் வரும். இலையைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கே: காட்மியம் சோற்றுக்குள் எப்படி வருகிறது?

நெல்லுக்கு மங்கனீசு வேண்டும், அதை வேரில் உள்ள என்றாம்ப் 5 என்ற காவி எடுக்கும், அதே காவி காட்மியத்தையும் எடுத்துவிடும். 2012இல் யப்பானில் இந்தக் காவி கெட்ட நெல்லைப் பரிசோதித்தார்கள், தானியத்தில் காட்மியம் வெகுவாகக் குறைந்தது. அவர்களுக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. தொயாமாவில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்து, எலும்பு நொறுங்கும் இத்தாய் இத்தாய் நோய் வந்தது, அரசாங்கம் 1968இல் காட்மியத்தைக் காரணமாக ஏற்றுக்கொண்டது.

புகையிலையும் காட்மியத்தை இலையில் சேர்க்கும் பயிர். சுருட்டோ சிகரெட்டோ, புகைப்பவரின் இரத்தத்தில் காட்மியம் கூடத்தான் இருக்கும். உள்ளே வந்தால் மெற்றலோதயனீன் பிடித்துச் சிறுநீரகத்தில் வைத்துக்கொள்ளும், பாதியாகக் குறையப் பத்து முதல் முப்பது வருசம். அதை வெளியேற்ற என்றே ஒரு காவி நம்மிடம் இல்லை.

கே: மங்கனீசை உடம்பு எப்படி வெளியேற்றுகிறது?

ஈரல் ஸிப் 14ஆல் எடுத்து இசட்என்ரி 10ஆல் பித்தத்துக்குள் தள்ளுகிறது. இரண்டில் எது பழுதானாலும் மங்கனீசு மூளையில் சேர்ந்து பார்க்கின்சன் மாதிரி உடல் விறைக்கும், சிறுவயதிலேயே. இசட்என்ரி 10 விகாரம் 2012இலும் ஸிப் 14 விகாரம் 2016இலும் அறியப்பட்டன.

கே: கிருமிகளுக்கும் இந்த உலோகங்கள் வேண்டுமா?

வேண்டும், நம் உடம்புக்கும் அது தெரியும். நியூத்திரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் கல்புரொற்றெக்டின் என்ற புரதத்தைப் புண்ணுள்ள இடத்தில் கொட்டி நாகத்தையும் மங்கனீசையும் கிருமிக்குக் கிடைக்காமல் பிடிக்கும். பதிலுக்குப் பற்றீரியா மிகக் குறைந்த நாகத்தையும் உறிஞ்சும் காவிகளை வைத்திருக்கிறது. பெருவிழுங்கிக் கலம் இதற்கு எதிர்ப்பாடமாக, தான் விழுங்கிய காசநோய்க் கிருமியின் மேல் நாகத்தையும் செப்பையும் கூடுதலாக ஊற்றி நஞ்சாக்கப் பார்க்கும், கிருமி ஏரிபி செலவழித்து வெளியே தள்ளும். பட்டினி போட்டும் கொல்லலாம், ஊட்டியும் கொல்லலாம்.

கே: வயிற்றோட்டத்துக்குப் பிள்ளைக்கு நாகக் குளிசை தந்தார்கள். ஓட்டம் நின்றுவிட்டது, நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் சொன்னது நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள் வரை. ஓட்டத்தில் போன நாகத்தை நிரப்ப அவ்வளவு நாள் வேண்டும்.

கே: அன்ரிபயோற்றிக் போடும்போது நாகமோ இரும்போ சேர்த்துப் போடலாமா?

சிப்ரோபுளொக்சசின், ரெற்றாசைக்கிளின் வகைகளோடு ஒன்றாகப் போடாதீர்கள். அந்த மருந்துகள் குடலில் உலோக அயனோடு பிணைந்துவிடும், மருந்தும் உறிஞ்சப்படாது, உலோகமும் உறிஞ்சப்படாது. எத்தனை மணித்தியால இடைவெளி என்பது மருந்துக்கு மருந்து மாறும், குளிசை வாங்கும்போதே பாமசிக்காரரிடம் கேட்டு உறையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.